ஏழாம் மாத முடிச்சு
வயிற்றின் மேல் கைவைத்து நிற்கும் கருவுற்ற மாதா சொரூபத்தின் முன்னால் மருமகளை நிறுத்திவிட்டு, மாமியார் நீல நாடாவைப் பிரிக்கிறாள். கோயிலில் கொடுத்த நாடா. மாதந்தோறும் இங்கே வந்து வயிற்றைச் சுற்றி அளந்து, முனை வந்து சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். இதுவரை நான்கு முடிச்சுகள், விரற்கடை விரற்கடையாக நகர்ந்திருக்கின்றன. ஜன்னல் கண்ணாடியின் சிவப்பு வெளிச்சம் மருமகளின் புடவை மடிப்பில் அசையாமல் கிடக்கிறது. முனை போன மாத முடிச்சிலேயே வந்து நிற்கிறது. “இதத் துவைச்சியா? சுருங்கிப்போச்சு போல,” என்று நாடாவைக் கோபித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் மகனிடம் நீட்டுகிறாள் மாமியார். “நீ அளடா. தையக்காரன் கை தப்பாது.” அவன் அளக்கிறான். அதே முடிச்சு. மெழுகுதிரி ஒன்று சடசடக்கிறது. “அசையுறானாம்மா?” என்று மருமகளைக் கேட்கிறாள். “தூங்குறான் போல அத்தே. ரெண்டு நாளா ஒரே தூக்கம்.” அவன் நாடாவுக்கு அடியில் மெல்ல ஒரு விரலை நுழைக்கிறான். “ஒரு விரக்கடை கூடியிருக்கும்மா.” “மாதாவே, காப்பாத்திட்டே!” மாமியார் கண்மூடிச் சிலுவை வரைந்துகொள்கிறாள். மாதாவையே பார்த்துக்கொண்டிருக்கும் அவன் மனைவி, அந்த விரல் நழுவிவிடாதபடி அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொள்கிறாள்.