மேயரம்மா ஏறாத லிஃப்ட்

முதலில் முறைத்துக்கொண்டது மேயரம்மாதான். லிஃப்ட்காரருக்கு அதில் சந்தேகமே கிடையாது.

பதவியேற்ற அன்று, பளபளவென்று துடைத்து வைத்த லிஃப்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் லிஃப்ட்காரர். மேயரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். நேராகப் படிக்கட்டுக்குப் போய்விட்டார். ஐந்து மாடி. எட்டு மாதமாக இதே கதை. பின்னாலேயே நாக்குத் தள்ள ஏறும் அதிகாரிகள் வேறு. லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்.

அன்று பியூன் பேப்பரை விரித்துப் படித்துக் காட்டினான்.

"நம்ம மேயரைப் பத்திப் போட்டிருக்கான்ணே. ரெண்டு தடவை கவுன்சிலர், அப்புறம் மேயர். பிடிச்ச விஷயம் என்ன தெரியுமா? பழைய பாட்டு, தையல், மாடிப்படி ஏறுறது."

"படி ஏறுறது ஒரு பொழுதுபோக்கா? யார் காதுல பூ சுத்துறாங்க?"

"உடம்புக்கு நல்லதாம்ணே."

"யார் உடம்புக்கு? பட்டனை அமுக்கினா தானா போற லிஃப்ட் வரப்போகுதாம். லிஃப்ட்காரன் வேண்டாம்னு ஃபைல் அந்தம்மா மேஜையில இருக்கு. இவனுக்கு எதுக்கு தண்டச் சம்பளம்னு காட்டத்தான் இந்த நடை."

ரிட்டயராக இன்னும் மூன்று வருடம் இருந்தது. இந்த வயசில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

மறுநாள் காலை படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது."

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன் ஏற மாட்டேங்கிறீங்க? என் பொழப்புக்கு உலை வைக்கவா?"

பின்னால் நின்ற அதிகாரிகளுக்கு மூச்சே நின்றுவிட்டது. மேயரம்மா சிரித்தார்.

"அந்த ஃபைலைப் போன மாசமே திருப்பி அனுப்பிட்டேன். நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் உங்க வேலையில யாரும் கை வைக்க மாட்டாங்க. போதுமா?"

லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்ப படி எதுக்கும்மா?"

"இருபது வருஷம் முந்தி, எங்க தெருவுக்குத் தண்ணி வரலைன்னு மனு கொடுக்க வந்தேன். வயித்துல எட்டு மாசம். லிஃப்ட்ல ஏற விடலை. உட்கார்ந்து உட்கார்ந்துதான் அஞ்சு மாடியும் ஏறினேன். என்னை மாதிரியே படியில உட்கார்ந்திருந்தவங்க கதையெல்லாம் கேட்டேன். மேல போய்ச் சேர்றப்போ கையில பதினோரு பேர் மனு. எனக்கு அரசியல் அங்கதான் ஆரம்பிச்சுது. இன்னைக்கும் அந்த மாதிரி ஆளுங்க படியிலதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்களைப் பார்த்துட்டுப் போறேன்."

லிஃப்ட்காரருக்கே ரத்தம் கொதித்தது.

"பிள்ளைத்தாச்சிப் பொம்பளைய ஏத்தலையா? யாரும்மா அந்தப் பாவி?"

மேயரம்மா அவர் முகத்தையே ஒரு நொடி பார்த்தார்.

"முகம் மறந்துபோச்சுண்ணே" என்றுவிட்டுப் படியேறினார்.

லிஃப்ட்காரர் தன் ஸ்டூலுக்குத் திரும்பினார். பிழைப்பு தப்பியது சரி. எட்டு மாதம் அவமானப்படுத்தியதற்கு ஒரு 'மன்னிச்சுக்குங்கண்ணே' வந்ததா? அந்தப் பாக்கி அப்படியேதான் நிற்கிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

கையில் மனுவும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் லிஃப்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

"இது ஆபீசருங்களுக்கும்மா. படி அந்தப் பக்கம்" என்று, முப்பது வருடமாகச் சொல்லும் அதே வார்த்தையைச் சொல்லி, கதவை இழுத்துச் சாத்தினார் லிஃப்ட்காரர்.