வாரம் ஆறு மீன்

"உங்களுக்கு இனிமே மீன் கிடையாது சார்" என்றாள் டீனெக்கே. அவள் முதுகுக்குப் பின்னால் பதினெட்டுத் தொட்டிகளில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

கடைக்காரியே விற்க மாட்டேன் என்றால் வாங்க வந்தவர் என்ன பேரம் பேசுவது? யெல்லே கையிலிருந்த ஜாம் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். அவர் வீட்டுக் குளத்துத் தண்ணீர். அதைச் சோதித்துப் பார்க்காமல் அந்தக் கடையில் ஒரு மீன்கூட வெளியே போகாது.

டீனெக்கே காகிதப் பட்டையை முக்கி எடுத்து நிறம் பார்த்தாள். "தண்ணியில ஒரு குறையும் இல்ல. நானே குடிக்கலாம். அப்ப மீனெல்லாம் எங்க போகுது?"

"நாரை வருதும்மா."

"அதான் தெரியுதே. ஏழு வாரமா வலை போடுங்க, வலை போடுங்கன்னு தொண்டை வத்தக் கத்தறேன். வாரம் ஆறு மீன். நான் உங்க குளத்துக்கு மீன் விக்கறேனா, அந்த நாரைக்கு ஓட்டல் நடத்தறேனா?"

யெல்லே தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார்.

"பிளாஸ்டிக் நாரை ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்க. ஒண்ணு நிக்கறதைப் பார்த்தா இன்னொண்ணு இறங்காது, ஊரே அதைத்தான் வச்சிருக்கு. நீங்க மறுநாளே திருப்பிக் கொண்டாந்தீங்க. அசையவே மாட்டேங்குதுன்னு புகார் வேற. இருபது வருஷக் கடையில அப்படி ஒரு புகாரை நான் கேட்டதில்ல சார்."

கதிரடிக்கும் ஆகஸ்ட் மாதம். மே மாதத்தில்தான் டாக்டர், மனைவி ஆல்ட்யேவுக்கு ஆயுள் இலையுதிர்காலம் வரைதான் என்று யெல்லேயிடம் சொன்னார். அவள் கட்டிலைக் கீழே பின்னறைக்கு இறக்கிப் போட்டுவிட்டு, அந்த ஜன்னலுக்கு நேரே தன் கையாலேயே குளம் வெட்டினார் யெல்லே. அல்லியும் நீர்ப்புதினாவும் டீனெக்கேதான் தேர்ந்து கொடுத்தாள்.

"இன்னைக்கு ஒருநாள் குடும்மா" என்றார். "செவ்வாக்கிழமையே குளம் காலி. நாலு நாளா அவ ஜன்னல் பக்கமே திரும்பல. சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கா. நேத்து சூப்பு ரெண்டு கரண்டி, அவ்வளவுதான்."

டீனெக்கே காகிதப் பட்டையைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு வலைச் சுருளை இழுத்தாள்.

"சரி, தரேன். ஆனா நானே வந்து வலையை மாட்டிட்டுத்தான் மீனை விடுவேன். வலைக்குக் காசு வேண்டாம்."

"வலை வேண்டாமே…"

"சும்மா குடுத்தும் வேண்டாங்கறவரை இந்த ஊர்ல இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

யெல்லே தொட்டியில் கண்ணாடியை ஒட்டி நின்ற மீன்களைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார்.

யெல்லே வீட்டுக் குளம் ஒரு சாப்பாட்டு மேஜை அகலம்தான் இருந்தது. ஓரத்துக் கல்மேல் ஒரு தவளை. டீனெக்கே மண்டியிட்டுச் சுற்றிலும் முளையடித்து வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். மூலையைத் தூக்கி ஆறு மீன்களையும் விட்டாள். அல்லி இலைகளுக்கிடையில் அவை தகதகவென்று போயின.

திருப்தியோடு கை கழுவ உள்ளே போனாள். ஆல்ட்யே சுவர்ப் பக்கம் ஒருக்களித்திருந்தாள். போர்வைக்கடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"அக்கா, இனிமே உங்க மீனை எவனும் தொட முடியாது" என்றாள் டீனெக்கே.

ஆல்ட்யே திரும்பி மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு கதவருகே நின்ற கணவரைப் பார்த்தாள். "இன்னைக்கும் வரலையா?"

"வர்ற நேரம்தான்" என்றார் யெல்லே. அவர் முகம் சரியில்லை. மறுபடி தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கனடாவில் இருக்கும் அவர்கள் மகனைக் கேட்கிறாள் என்று நினைத்து, டீனெக்கே சும்மா தலையாட்டி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். யெல்லே மண்டியிட்டு ஒவ்வொரு முளையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வலை பாதி சுருண்டு கிடந்தது.

"என்ன சார் பண்றீங்க? உசிரு சார் அது. ஆறும் நாளைக்கே போயிடும்."

"தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்கிட்ட சொல்லணும்னுதான் வர்றேன். எப்படிச் சொல்றது?"

அவள் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கட்டிலோரத்து முக்காலியில் உட்காரவைத்தார். ஆல்ட்யே கண்மூடியிருந்தாள்.

"தலையணைகிட்ட தலையைச் சாய்ச்சு, அவளோட மட்டத்திலேருந்து பாரும்மா."

டீனெக்கே சாய்ந்து பார்த்தாள். ஜன்னல் நிறைய ஆகாயம். வேலியின் மேல்விளிம்பு. பக்கத்து வீட்டுப் புகைபோக்கி. அல்லி இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு மீனும் இல்லை.

யெல்லே அவள் காதருகே குனிந்தார்.

"நாரை வந்து நின்னா மட்டும், தலை தெரியும்மா."