இடைவேளை வெளிச்சம்

அந்த வருடத்துப் பாட்டுகள் எல்லாரிடமும் இருக்கின்றன, இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்று ஜுமானா நினைத்துக்கொள்கிறாள். துறைமுகத்தைப் பார்த்த ஒலிப்பதிவு அறையின் கண்ணாடியில் காலை வெயில் அசைகிறது. மேசையில், யுத்தம் முடிந்த மறுவருடத்தின் பாட்டுகளையும் படங்களையும் பற்றிய வானொலி நிகழ்ச்சிக்கு அவள் எழுதிய தாள்கள். கடைசித் தாளில் அவள் கண்ணால் கண்டது இருக்கிறது: நகரத் தியேட்டரில் இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும், ஒருவரும் கேட்காமலே, யுத்தகாலச் சோதனைகளின் பழக்கத்தில், சனம் முழுக்க அடையாள அட்டையைக் கையில் எடுத்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. நிலையப் பொறுப்பாளர் குஞ்சித்தம்பி அந்தத் தாளை விரலால் தள்ளுகிறார். “பாட்டுக் கேக்கிற சனத்துக்கு இதேன், தங்கச்சி? வெட்டிப்போட்டு இன்னொரு பாட்டைப் போடுங்கோ.” “நீங்களும் அண்டைக்கு அட்டையோட நிண்டனீங்கள்தானே, அண்ணன்?” “ஓம், நிண்டனான். இப்ப ஊரெல்லாம் கேட்டுச் சிரிக்கவோ?” “ஊரும் எங்களோடதான் நிண்டது.” வெளியே மூதூர்ப் படகு ஊதுகிறது. அது அடங்கும்வரை காத்திருந்து, தாளைத் தன் பக்கம் இழுத்து நேராக்கி, “வெட்ட ஏலாது, அண்ணன்,” என்கிறாள் மெதுவாக.