ஒரு ரூபாய் அதிகம்

“ஆமா மேடம், தெனமும் காலைல அண்ணங்கிட்ட பேசறேன். அதுல இன்னா தப்பு கீது?”

குணசுந்தரி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று எழில்மொழி எதிர்பார்க்கவில்லை. வர்த்தகப் போட்டிச் சட்டப்படி விசாரிக்க வந்த அதிகாரி அவள். முகத்துவாரக்குப்பத்துக் கருவாட்டு வாடையைக்கூட மறந்து மளமளவென்று எழுதிக்கொண்டாள்.

“ஆப்ல நெத்திலிக் கருவாடு விக்கிறதே நீங்களும் உங்க அண்ணன் ஜெகதீசனும்தான். எட்டு மாசத்துல கிலோ நானூறு ரூபா இருந்தது, அறுநூத்தி நாப்பது ஆயிடுச்சு. தெனம் நீங்க ஒரு ரூபா ஏத்தறீங்க, உடனே அவரும் ஏத்தறார். பேசி வெச்சு வெலை ஏத்தறது குத்தம்.”

“ஆப்லயே ஒரு பட்டன் கீது மேடம். அமுக்கி வுட்டா, எதிராளி வெலைக்கு மேல ஒரு ரூபா தானா ஏறிக்கும். ‘அவ சரக்கவிட என்னுது ஒசத்தி’ன்னு வீம்புக்கு அமுக்கி வெச்சாரு அண்ணன். அப்ப எங்களுக்குள்ள பேச்சே கெடயாது. அஞ்சு வருசமா சண்டை.”

“அமுக்கினது அவர்தானே? இத்தனைக்கும் எட்டு மாசமா அவர் ஒரு கிலோகூட விக்கல. உங்களுது மலிவாத் தெரியறதுக்குத்தான் அவர் கடையா? மூணு நோட்டீஸ் அனுப்பியும் பதிலே இல்ல.”

“எனக்குத் தெனமும் பதில் சொல்றாரே.”

குணசுந்தரி கைபேசியை எடுத்துத் தன் விலையை ஒரு ரூபாய் ஏற்றினாள். பிறகு எதிரே பூட்டிக் கிடந்த அண்ணன் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது.

சற்று நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. ஜெகதீசன் கருவாடும் ஒரு ரூபாய் ஏறியிருந்தது.

“பாத்தீங்களா, முழிச்சிக்கினுதான் கீறாரு” என்று சிரித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எழில்மொழி அந்த விலையையும் குறித்துக்கொண்டாள்.

“இது போதும்மா. மொதல்ல அவர் கடைய ஆப்லேருந்து எடுக்கச் சொல்லி எழுதறேன்.”

குணசுந்தரி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம்மேல இன்னா கேஸ் வோணா போடுங்க மேடம். அவரு கடைய மட்டும் எடுத்துடாதீங்க.”

“அவருக்காக நீங்க ஏன் கெஞ்சறீங்க? அவரையே வந்து பேசச் சொல்லுங்க.”

“அண்ணன் செத்து எட்டு மாசம் ஆவுது மேடம்.”