ஆள் அளவு

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி முப்பிடாதி வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள்.

அத்தனை பெண்களுக்கு நடுவில். பட்டப்பகலில்.

காலை நீட்டினாள். கையை விரித்தாள். அவளைச் சுற்றி நாலு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டத் தொடங்கினார்கள்.

மண்வீடு கட்டப் பழகுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடமாம். டேப்பு கிடையாது. குடியிருக்கப்போகிற ஆள் படுத்துக் காட்ட வேண்டும்.

கூத்து.

மகளிர் சங்கத்துப் பெண்கள் கட்டிப் பழக இடம் தேடினார்கள். முப்பிடாதி தன் அம்மா வழியில் வந்த துண்டு நிலத்தைக் கொடுத்தாள். பழகி முடித்த பிறகு, கட்டிய அறை அவளுக்கு. ஆடு அடைக்க ஆகும் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஆட்டுக்கு எதற்கு இவள் படுக்க வேண்டும்?

"ஏட்டி, ஒரு மழைக்குத் தாங்குமா இது?" வைக்கோல் போட்டு மிதித்து வைத்திருந்த செம்மண்ணைக் காலால் எத்தினார்.

"நின்னு நாயம் பேசுததுக்கு எறங்கி மிதியும் தாத்தா" என்றாள் சேற்றில் நின்ற ஒருத்தி. சிரிப்பு.

அவர் கட்டியது சிமெண்டு வீடு. யாரையும் கேட்டுக் கட்டவில்லை. அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்று இவள் சொன்னாள். காற்றடித்தால் அடுப்பு அணையும் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எத்தனையோ மழை பார்த்தாயிற்று. ஒரு கீறல் கிடையாது.

சொல்லிக்கொடுக்க வந்திருந்த ரெஜினா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் பக்கத்துல படுங்க தாத்தா. ரெண்டு பேருக்கும் சேத்து அளந்துருவோம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவருக்குக் காது சுட்டது. "வேற சோலி இல்ல" என்றார்.

சொல்லிக்கொண்டே தோள் துண்டை எடுத்துத் தரையில் விரிக்க உதறினார்.

"அவுகளுக்கு வீடு இருக்கு" என்றாள் முப்பிடாதி.

படுத்தபடியே. மேலே பார்த்தபடியே.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரெஜினா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். ஒரு ஆள் அளவுக்கு.

அவர் கையில் துண்டோடு நின்றார். பிறகு அதை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

மழை பற்றிக் கேட்கவில்லை.

"வாசல் எந்தப் பக்கம்?"

முப்பிடாதி எழுந்து உட்கார்ந்தாள். கொண்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நாலு பக்கமும் பார்த்தாள்.

"அத இன்னும் முடிவு பண்ணல."