அக்குள் பிடிக்கிற சட்டை

"ஏங்க, இன்னிக்காவது வேற ஒரு பெரிய டாக்டர்கிட்டக் காட்டலாமே?"

கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காலையில் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கணவரைப் பார்த்ததிலிருந்து அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் வெட்டின துணியை இன்னொருத்தர் தைச்சா விளங்குமா? எனக்கு நம்ம டாக்டர் போதும்" என்றார் தையல் மாஸ்டர்.

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான். தலைவலியோ காய்ச்சலோ, அவருக்குத் தெரிந்த ஒரே வாசல் தெருமுனை கிளினிக்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மாஸ்டர், நான் போட்டிருக்கற இது நீங்க தைச்ச சட்டைதானே? கையைத் தூக்கினா அக்குள் பிடிக்குது."

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. "என்ன டாக்டர் சொல்றீங்க? இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட..."

"இத்தனை வருஷமும் பொறுத்துக்கிட்டேன். இனிமே வேற ஆள்கிட்டத் தைச்சுக்கறேன். நீங்களும் வேற டாக்டரைப் பாத்துக்குங்க."

அவள் பதறிப்போனாள். "ஐயோ டாக்டர், காலையிலேருந்து இவருக்கு முடியலை..."

"மேம்பாலத்துக்குப் பக்கத்துல ஹார்ட் ஆஸ்பத்திரி இருக்கே, அங்க போகட்டும். அந்த டாக்டர் கோட்டு சூட்டு போடற ஆளு. உங்க வீட்டுக்காரர் தையலைத் தொடக்கூட மாட்டார்!"

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போறேன்! அந்த ஆளுக்குக் கோட்டே தைச்சுக் காட்டறேன்!"

டாக்ஸியில் ஏறியதும் டாக்டரைக் கிழிகிழியென்று கிழித்தார். மேம்பாலம் நெருங்கும்போது திட்டு நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாவி மனுஷன்! உடம்புக்கு முடியாதவரைப் போயும் போயும் ஒரு சட்டைக்காகவா விரட்டுவான்?

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "தையல் மாஸ்டர்தானே? வாங்க, வாங்க!" அவள் வாயைத் திறப்பதற்குள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவு மூடியது. அவள் கதவோரமாகவே நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். "அடைப்பை எடுத்தாச்சும்மா. நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க. நாளைக்குன்னு தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம்."

அவள் அழுதுகொண்டே திரும்பினாள். தூண் மறைவில் நம்ம டாக்டர் நின்றிருந்தார். அதே சட்டை.

"இங்க போங்கன்னு அவர்கிட்ட எத்தனையோ தடவை நல்ல வார்த்தையில சொன்னேன்மா. உங்ககிட்ட மூச்சே விட்டிருக்க மாட்டாரே? அதான் உள்ள போய் இங்க போன் பண்ணிட்டு, சண்டை போட்டேன். வழியில ஏதாவது ஆயிடுமோன்னு பயம். உங்க டாக்ஸி பின்னாடியேதான் வந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க டாக்டர், அவர் கண் முழிச்சதும் நீங்களே சொல்லுங்க."

டாக்டர் அலறாத குறையாக இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். சட்டை எங்கேயும் பிடிக்கவில்லை.

"வேணாம்மா! நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சா, கட்டிலை விட்டு எழுந்து நேரா என் கிளினிக்குக்கே வந்துடுவார்!"