அதிதிக்குத் தனி பேட்டரி

“கேம்பிங் எல்லாம் வேண்டாம்னு சுஹாஸ்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன். இப்போ ‘பேட்டரி எல்லாம் போட்டாச்சு, வந்து பாரு’ங்கிறான். கரன்ட் இல்லாத காட்டுல ரெண்டு ராத்திரி. ஆஸ்துமா இருக்கிற குழந்தைய எப்படி அனுப்புறது? நீங்களே சொல்லுங்க” என்றாள் மானஸா.

ஆதர்ஷ் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

“அது நீயும் சுஹாஸும் பேசி முடிவு பண்ண வேண்டியது. நான் நடுவுல வர மாட்டேன்.”

“உங்க அபிப்பிராயம்னு ஒண்ணு கிடையாதா?”

“போய்ப் பாரு. சுஹாஸ் யோசிக்காம செய்ய மாட்டார்.”

அவ்வளவுதான். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டான்.

மானஸாவுக்குச் சுருக்கென்றது. சுஹாஸை விவாகரத்து செய்துவிட்டு ஆதர்ஷை மணந்து மூன்று வருடம் ஆகிறது. சுஹாஸுக்குப் பிறந்த அதிதியை ஆதர்ஷ்தான் ஸ்கூலில் விடுகிறான், ஹோம்வொர்க்குக்கு உட்காருகிறான், ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் தான் பெற்ற பெண்ணாக இருந்தால் இப்படிப் பட்டும் படாமலும் பேச வருமா?

சனிக்கிழமை காலை அதிதியை ஃப்ரீமான்ட்டிலிருந்து சுஹாஸ் இருக்கிற லிவர்மோருக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். மூச்சுத்திணறல் வந்தால் மருந்தைப் புகையாக்கித் தருகிற நெபுலைசர் மெஷினும் கையில் இருந்தது. மனசுக்குத் திருப்தி இல்லையென்றால் குழந்தையோடு அப்படியே திரும்பிவிடுவதாக முடிவு பண்ணியிருந்தாள்.

சுஹாஸ் வீட்டு வாசலில், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற பாப்-அப் கேம்பர் நின்றது. மடித்தால் பெட்டி. விரித்தால் கூரை மேலே எழும்பி, இரண்டு பக்கமும் கேன்வாஸ் மூடிய படுக்கைகள் வெளியே நீளும். எப்படிப் பார்த்தாலும் அதிதியைப் போல இரண்டு மடங்கு வயசிருக்கும்.

“அம்மா, கம் அண்ட் சீ. அப்பா டிட் ஆல் ஆஃப் இட்” என்று அதிதி உள்ளே ஓடி ஒரு படுக்கையில் ஏறிக்கொண்டாள்.

மானஸாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு புத்தக அலமாரியை மூட்ட ஆரம்பித்தான் சுஹாஸ். விவாகரத்து ஆகிற வரைக்கும் அது இரண்டு தட்டோடு ஹாலில் நின்றது.

“கேம்ப்கிரவுண்ட்ல ப்ளக் பாயின்ட் இருக்கா?”

“இல்ல. தண்ணிக் குழாயே கிடையாது.”

“பக்கத்துல ஆஸ்பத்திரி?”

“இருபது மைல். போன் சிக்னல் இருக்கு, போய்ப் பாத்துட்டேன்.”

சுஹாஸ் உட்காரும் பலகையைத் தூக்கிக் காட்டினான். அடியில் இரண்டு பேட்டரிகள், பெரிதும் சின்னதுமாக. ஒயர்கள் ஒன்றோடொன்று சிக்காமல் ஓரமாகக் கிளிப் போட்டு ஓடின.

“பழைய பேட்டரிய எடுத்தாச்சு. இந்தப் பெரிசு லைட்டுக்கும் ஃபேனுக்கும். மேல இருக்கிற சோலார் பேனல் பகல்ல சார்ஜ் பண்ணிடும். சின்னது அதிதிக்கு மட்டும். அதுல வேற எதையும் சொருக வழியே கிடையாது. பெரிசு தீர்ந்துபோய் நாங்க இருட்டுல உக்காந்தாலும், இது அப்படியே இருக்கும்.” ஒப்பிப்பது போலச் சொன்னான்.

அதிதியின் தலைமாட்டிலேயே ப்ளக் இருந்தது. மானஸா நெபுலைசரைச் சொருகினாள். மெஷின் உறுமியது, குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. வேண்டுமென்றே ரொம்ப நேரம் ஓடவிட்டாள். நிற்கவில்லை.

“ராத்திரிக்கு நாலு தடவை போட்டாலும் மிச்சம் இருக்கும்” என்றான் சுஹாஸ்.

“எல்லாம் நீயா பண்ணினே?”

அவன் அதிதியைப் பார்த்தான். “ம்.”

மானஸா மெஷினை நிறுத்தினாள். “சரி. அதிதி, கார்லேர்ந்து உன் ஸ்லீப்பிங் பேக்க எடுத்துட்டு வா.”

குழந்தை குதித்து இறங்கி ஓடினாள்.

“பரவாயில்ல சுஹாஸ். நான் என்னென்னவோ நினைச்சுட்டு வந்தேன்.” கொஞ்சம் தயங்கினாள். பிறகு மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. “என்ன இருந்தாலும் பெத்தவன் பெத்தவன்தான். ஆதர்ஷ்கிட்ட கேட்டா ‘நான் நடுவுல வர மாட்டேன்’னு ஒதுங்கிட்டார். அவருக்கு என்ன, அவர் பொண்ணா?”

சுஹாஸ் பலகையை மெதுவாக மூடினான். அதன் மேலேயே உட்கார்ந்தான்.

“மானஸா, இதுல ஒரு ஸ்க்ரூ கூட நான் முடுக்கல.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“எனக்கு ஃப்யூஸுக்கும் ஸ்விட்ச்சுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு உனக்கே தெரியும். போன மாசம் நீ வேண்டாம்னு சொன்ன மறுநாள் ஆதர்ஷ் போன் பண்ணார். ‘அவ பயப்படறதுல நியாயம் இருக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணுவோம்’னார். அப்புறம் ஆபீஸ் முடிஞ்சு நேரா இங்கதான். அவர் படிச்சது எலக்ட்ரிகல் இல்லையா, எல்லாம் அவர் கை வேலை. நான் பக்கத்துல டார்ச் பிடிச்சுட்டு நின்னேன்.”

மானஸா பக்கத்துப் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே...”

“உன்கிட்ட சொன்னா அதிதிக்குத் தெரிஞ்சுடும்னார்.”

“அவளுக்குத் தெரிஞ்சா என்ன?”

வெளியே, நாயோடு நடந்து போன யாரிடமோ அதிதி சொல்லிக்கொண்டிருந்தது கேன்வாஸ் வழியே நன்றாகக் கேட்டது. “மை டாட் மேட் மீ மை ஓன் பேட்டரி.”

சுஹாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘காட்டுல மூச்சு முட்டி முழிச்சுக்கிறப்போ, இது எங்கப்பா எனக்காகப் பண்ணினதுன்னு அவளுக்குத் தைரியம் வரணும். நான் பண்ணினதுன்னா, அது வெறும் பேட்டரி’ன்னார்.”